முதல் கார் ஏன் மூன்றே வாரத்தில் முடங்கியது? குழந்தைகளுக்கான மின்சார ஆர்.சி. கார் தேர்வு: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெற்றோர், எட்டு வயது மகள், ஐந்து வயது மகன் என நால்வர் கொண்ட குடும்பம். மகளின் பிறந்தநாளுக்கு ஆர்.சி. கார், அதாவது ரிமோட் கார், வாங்குவது என்று முடிவானது. அதற்கு முன் வீட்டில் இருந்த இரண்டு கார்களும் பொம்மை வகை. ஸ்டியரிங் என்றால் முழு இடது, நேர், முழு வலது, அவ்வளவுதான். வேகமும் அப்படியே, ஓடும் அல்லது நிற்கும். இரண்டும் சில மாதங்களில் பழுதாகி, மாற்றப் பாகம் கிடைக்காமல் அலமாரிக்குப் போய்விட்டன. இந்த முறை உடைந்தால் சரிசெய்யக்கூடியதாக வாங்க வேண்டும் என்று தந்தை நினைத்தார். அந்த எண்ணம் சரியானது. அதுதான் அவரை, பாகம் பாகமாகக் கழற்றிச் சரிசெய்யக்கூடிய ஹாபி வகைக் கார்களின் பக்கம் கொண்டுபோனது.

வாங்கியது 1/16 அளவு (உண்மை வண்டியின் பதினாறில் ஒரு பங்கு), நான்கு சக்கரமும் இயங்கும் டிரக். பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) உள்ள 390 அளவு மோட்டார், 7.4 வோல்ட் 1500 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று, யுஎஸ்பி சார்ஜர், துப்பாக்கிப் பிடி வடிவ 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட். பேட்டரியோடு எடை 1.1 கிலோ. பெட்டியில் மணிக்கு 35 கி.மீ. என்றும், வயது 14+ என்றும் அச்சாகியிருந்தது. தேர்வை முடிவுசெய்தது முதல் எண். இரண்டாவதை ஒரு சம்பிரதாய எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்த 14+ சம்பிரதாயம் அல்ல. திறந்த கியர், சூடேறும் மோட்டார், கழற்றி மாட்டும் லித்தியம் பேட்டரி, காலில் பட்டால் காயமாக்கும் வேகம் ஆகியவற்றால் இந்த வகைக் கார்கள் சிறு குழந்தைகளுக்கான பொம்மையாக வடிவமைக்கப்படுவதில்லை. எட்டு வயதுக் குழந்தை இதைத் தொடவே கூடாது என்று பொருளில்லை. பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், பேட்டரிப் பொறுப்பு முழுவதும் அவருடையது என்று பொருள்.

ஓட்டும் இடங்கள் மூன்று. வீட்டுக் கூடம், சுமார் 4 மீட்டருக்கு 3.5 மீட்டர். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வண்டிகள் நிறுத்தும் இடத்தை ஒட்டிய நடைவழி, 12 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒரு பக்கம் முழுக்கத் தூண்கள். வாரம் ஒருமுறை போகும் திறந்த மைதானம். இந்த அளவுகள் கார் வாங்கும் முன் யாரும் எடுத்தவை அல்ல. பின்னால் காரணம் தேடியபோது எடுத்தவை.

முதல் மூன்று வாரங்கள்

முதல் நாள் நடைவழியில் மகள் ஓட்டினாள். ரிமோட்டில் வேகத்துக்கான விசையைத் தொட்டதும் கார் சீறிப் பாய்ந்தது, இரண்டாம் முயற்சியில் சுவரில் மோதியது, பழுதில்லை. அடுத்து தம்பியின் முறை. அவனுடைய ஆள்காட்டி விரலின் நுனி மட்டுமே விசைக்கு எட்டியது. நுனியால் இழுக்க வலுப் போதாததால் இரண்டு விரலைக் கொடுத்து மொத்தமாக இழுத்தான். கார் முழு வேகத்தில் தூணில் இடித்தது. முன் இடது சக்கரம் வெளிப்புறமாக மடங்கித் தொங்கியது. சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ்ப்புற சஸ்பென்ஷன் ஆர்ம் அடியோடு முறிந்திருந்தது.

ஆர்மைப் பசைபோட்டு ஒட்டினார்கள். நைலான் கலந்த பிளாஸ்டிக்கில் சாதாரண உடனடிப் பசை சுமையைத் தாங்காது, அடுத்த மோதலில் அதே இடத்தில் விடும். இங்கும் விட்டது, மூன்று நாளில்.

இரண்டாம் வாரம் ஸ்டியரிங் ஒரு பக்கம் மட்டும் திரும்பத் தொடங்கியது. கூடவே, ஸ்டியரிங்கைத் திருப்பும் சிறு மோட்டார் பெட்டியான சர்வோவிலிருந்து கரகரவென்ற ஒலி. அதே வாரம் கார் தம்பியின் கணுக்காலில் மோதி வீக்கம் கண்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதன்பின் கார் தன் பக்கம் திரும்பினாலே அவன் ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டு விலகினான்.

மூன்றாம் வாரம் கார் சார்ஜே ஏறவில்லை. பேட்டரியைக் கழற்ற முயன்றபோது அது தன் அறையில் இறுகிக்கொண்டிருந்தது. தட்டையாக இருக்க வேண்டிய பக்கம் உப்பியிருந்தது. இந்தக் கட்டத்தில்தான் குடும்பம் ஆர்.சி. கார்களைப் பழுதுபார்க்கும் எங்களை அணுகியது.

ஆய்வில் தெரிந்தவை

முதலில் பேட்டரி. உப்பிய பேட்டரியை நெம்பி எடுக்கக் கூடாது. கூர்முனை பட்டால் உள்ளே செல்லில் குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) உண்டாகித் தீப்பிடிக்கலாம். பேட்டரி அறையின் மூடியையும் பக்கத் தடுப்பையும் திருகு கழற்றி அகற்றிய பிறகே அது வெளியே எடுக்கப்பட்டது. இரண்டு செல்லின் மின்னழுத்தமும் அளக்கப்பட்டது: ஒன்று 2.3 வோல்ட், மற்றது 1.7 வோல்ட். லித்தியம் செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. போனதை மறுபடி சார்ஜ் செய்ய முயல்வது ஆபத்து.

இவ்வளவு கீழே எப்படிப் போனது? பேட்டரி இறங்கினால் தானாக நிற்கும் வசதி காரில் இருக்கிறதே என்பது தந்தையின் கேள்வி. இருக்கிறது, ஆனால் அது நிறுத்துவது மோட்டாரை மட்டுமே. ரிமோட்டின் சைகையை வாங்கும் ரிசீவர் பலகை, காரின் சுவிட்ச் போட்டிருக்கும்வரை சிறு அளவு மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். விளையாடி முடித்து ரிமோட்டை மட்டும் அணைத்துவிட்டு, காரை அணைக்காமல் ஒன்பது நாள் அலமாரியில் வைத்திருக்கிறார்கள். சிறு கசிவும் ஒன்பது நாளில் செல்லைக் கொன்றுவிடும். இந்தத் தவறு மிகப் பரவலானது. கையேட்டில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகாமல், பெட்டியின் மூடியிலேயே அச்சிட வேண்டிய விஷயம் இது.

அடுத்து இயந்திரப் பகுதி. முன் ஆர்ம் முறிவு முன்பே தெரிந்தது. சர்வோவைத் திறந்ததில் இரண்டாம் பல்சக்கரத்தில் மூன்று பல் மழுங்கியிருந்தன. மோதும்போது சக்கரத்தின் வழியே வரும் அடி நேராக சர்வோ பல்லில்தான் இறங்கும். மோட்டாரோடு இணைந்த பெரிய பல்சக்கரமான ஸ்பரில் ஒரு வில்லளவு பற்கள் தேய்ந்திருந்தன. காரணம், கார் சுவரில் முட்டி நின்ற பிறகும் விசை விடப்படவில்லை. சக்கரம் நகர முடியாமல் நிற்க, மோட்டார் சுற்றப் பார்க்க, பிளாஸ்டிக் பல்தான் விட்டுக்கொடுக்கும். பின் அச்சில் நீண்ட தலைமுடியும் துணி நூலும் நெருக்கமாகச் சுற்றி, பேரிங்கின் ஓரத்துக்குள் நுழைந்திருந்தன. கூடத்தில் விரிப்பின்மேல் ஓட்டியதன் அடையாளம் அது.

ரிமோட்டைப் பார்த்தபோது ஒன்று வெளிப்பட்டது. ஸ்டியரிங் சக்கரத்துக்குக் கீழே மூன்று சிறு குமிழ்கள் இருந்தன. ஒன்று ஸ்டியரிங்கை நேர்படுத்தும் டிரிம். இன்னொன்று ஸ்டியரிங் திரும்பும் அளவைக் குறைப்பது. மூன்றாவது உச்ச வேகத்தைக் குறைப்பது. அது முழு அளவில் இருந்தது. அதை யாரும் தொட்டதே இல்லை.

வேகத்தை அளந்தபோது

தற்காலிகமாக வேறொரு பேட்டரியும் சர்வோவும் பொருத்தி, 5 மீட்டர் தொலைவைக் கைபேசி வீடியோவில் பதிவுசெய்து நேரம் கணக்கிடப்பட்டது. முழு வேகத்தில் நொடிக்கு 8.6 மீட்டர், அதாவது மணிக்கு 31 கி.மீ. பெட்டியில் அச்சிடும் எண்ணுக்கும் இதற்கும் சிறு வேறுபாடு இருப்பது வழக்கமே.

இந்த எண்ணை நடைவழியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 12 மீட்டர் நீளத்தை கார் 1.4 நொடியில் கடந்துவிடும். பார்த்து, முடிவெடுத்து, விரலை விட அரை நொடி ஆனாலே கார் 4 மீட்டருக்கு மேல் போயிருக்கும். அது நடைவழியின் முழு அகலம். ஐந்து வயதுக் குழந்தைக்கு அரை நொடி போதாது. அவன் தூணில் மோதியது கவனக்குறைவு அல்ல, அந்த இடத்தில் அந்த வேகத்துக்கு மோதாமல் இருக்க வழியே இல்லை.

இதைவிட முக்கியமான அளவு இன்னொன்று: கார் தடுமாறாமல், சீராக ஓடக்கூடிய மிகக் குறைந்த வேகம். விசையை மெல்ல மெல்ல இழுத்து, கார் நிற்காமல் உருளத் தொடங்கும் இடத்தில் பிடித்து அளந்ததில் 5 மீட்டருக்கு 2.4 நொடி ஆனது. மணிக்கு 7.5 கி.மீ. பெரியவரின் ஓட்டநடை வேகம். அதற்கும் கீழே போனால் கார் நின்று நின்று குதித்தது. அதாவது, தேர்ந்த கையால் மிக மெதுவாக ஓட்டினாலும் கூடத்தை இரண்டு நொடிக்குள் கடந்துவிடும் கார் இது. குழந்தை கற்றுக்கொள்வதற்கான வேகம் இதில் இல்லவே இல்லை.

எங்கள் பார்வையில் இந்த நிகழ்வின் மையம் இதுதான். கார் எவ்வளவு வேகமாகப் போகும் என்பது எல்லாப் பெட்டியிலும் எழுதியிருக்கும். எவ்வளவு மெதுவாகப் போகும் என்பது எந்தப் பெட்டியிலும் இருக்காது. குழந்தைக்குக் கார் பொருந்துமா என்பதை முடிவுசெய்வது இந்த இரண்டாவது எண்.

மோதலின் வலுவும் கணக்கிடப்பட்டது. 1.1 கிலோ கார் நொடிக்கு 8.6 மீட்டரில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 41 ஜூல். அரைக் கிலோ எடையுள்ள சிறு கார் நொடிக்கு 1.4 மீட்டரில் போனால் அரை ஜூல். ஏறத்தாழ எண்பது மடங்கு வேறுபாடு. வேகம் இரட்டித்தால் அடி நான்கு மடங்காகும். ஆகவே எடையைக் குறைப்பதைவிட வேகத்தைக் குறைப்பதே கணுக்காலையும் சஸ்பென்ஷன் ஆர்மையும் அதிகம் காப்பாற்றும்.

முடிவுகளும் காரணங்களும்

மூன்று வழிகள் ஆராயப்பட்டன.

காரைச் சரிசெய்து, வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தி இருவருக்கும் கொடுப்பது முதல் வழி. வேகக் குமிழை 40 விழுக்காட்டில் வைத்ததும் உச்ச வேகம் மணிக்கு 12 கி.மீ. ஆனது, மோதல் ஆற்றல் 41 ஜூலிலிருந்து 6 ஜூலாக இறங்கியது. மைதானத்தில் எட்டு வயதுக் குழந்தைக்கு இது பொருத்தம். ஆனால் குமிழ் உச்ச வரம்பைத்தான் குறைக்கிறது. தொடக்கத்தில் கார் துள்ளுவதும் குறைந்தபட்ச வேகமும் மாறவில்லை. ஆகவே கூடத்துக்கும் தம்பிக்கும் இது விடை அல்ல. மோட்டாரில் உள்ள சிறு பல்சக்கரமான பினியனைக் குறைந்த பல் உள்ளதாக மாற்றினால் குறைந்தபட்ச வேகமும் குறையும், மோட்டாரும் குளிர்ச்சியாக ஓடும். 17 பல்லுக்குப் பதில் 13 போட்டால் வேகம் கிட்டத்தட்ட கால்பங்கு குறையும். ஆனால் இந்தக் காரில் மோட்டார் பொருத்தும் துளைகள் நகராதவை. பினியன் சிறிதானால் ஸ்பரைத் தொடாது. அந்த வழி அடைபட்டது.

தம்பிக்கு மட்டும் பொம்மை வகைக் கார் வாங்குவது இரண்டாம் வழி. இதை எடுத்த எடுப்பில் ஒதுக்குவது நியாயமில்லை. அவை இலேசானவை, மெதுவானவை, பேட்டரி பெரும்பாலும் மூடிய பெட்டிக்குள் இருக்கும். நான்கு வயதுக்குக் கீழே எங்கள் பரிந்துரை பெரும்பாலும் அதுவே. ஆனால் இந்தக் குழந்தை மெல்லத் திருப்பவும் மெல்ல ஓட்டவும் ஆசைப்பட்டான். முழுத் திருப்பம் அல்லது ஒன்றுமில்லை என்ற ஸ்டியரிங்கில் அதைக் கற்க முடியாது. மேலும் பழைய 27 மெகாஹெர்ட்ஸ் வகையில் ஒரே அலைவரிசைக் கார்கள் இரண்டு இருந்தால் ஒரு ரிமோட்டுக்கு இரண்டும் ஓடும்.

தேர்வானது மூன்றாவது: 1/24 அளவு நான்கு சக்கர கிராலர். கிராலர் என்பது மேடுபள்ளம் ஏறுவதற்காக, வேகத்தை விட்டு இழுவிசைக்குக் கியர் அமைத்த கார். எடை சுமார் 500 கிராம், 7.4 வோல்ட் 380 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி, உச்ச வேகம் மணிக்கு 5 கி.மீ. வாங்கும் முன் அதே 5 மீட்டர் சோதனை செய்யப்பட்டது. மிகக் குறைந்த சீரான வேகத்தில் 5 மீட்டரைக் கடக்க 20 நொடிக்கு மேல் ஆனது. புத்தக அடுக்கின்மேல் ஏறும்போது கார் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. இழுவிசைக்கு அமைத்த கியரும் பிரஷ் மோட்டாரும் சேர்ந்து தரும் இயல்பு இது. பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாரில், சுழற்சியின் நிலையை உணரும் சென்சாரும் இல்லையென்றால், அது மிக மெதுவான வேகத்தில் திக்கித் திணறும். பிரஷ்லெஸ் என்றால் மேலானது என்று விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

இன்னும் இரண்டு விஷயங்கள் வாங்கும் முன் சரிபார்க்கப்பட்டன. ரிமோட்டை ஐந்து வயதுக் குழந்தையின் கையில் கொடுத்து, ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பு விசையில் அமர்கிறதா என்று பார்க்கப்பட்டது. நுனி மட்டும் எட்டினால் குழந்தையால் பாதி இழுத்து நிறுத்த முடியாது, முழுதாகத்தான் இழுக்கும். கிராலரின் ரிமோட் சிறியது, மடிப்பு பொருந்தியது. அடுத்து, சஸ்பென்ஷன் ஆர்ம், சர்வோ, அச்சுகள், கியர் ஆகியவை தனித்தனியாகக் கிடைக்கின்றனவா என்பது. கிடைத்தன. உதிரிப் பாகம் தனியாகக் கிடைக்காத ஹாபி வகைக் கார், நடைமுறையில் பொம்மை வகைக் கார்தான்.

பழுதுபார்த்த விதம்

டிரக்கின் முன் ஆர்ம்கள் இரண்டும் மாற்றப்பட்டன. அவை ஜோடியாகவே விற்கும், முறியாத பழையது உதிரியாக இருக்கும். பிளாஸ்டிக்கில் திருகு பூட்டும்போது முதலில் திருகை இடப்பக்கமாக மெல்லச் சுற்ற வேண்டும். ஒரு சிறு சொடுக்கு கையில் தட்டுப்படும், திருகு பழைய புரிக்குள் விழுந்ததன் அறிகுறி அது. அதன்பின் வலப்பக்கம் முறுக்கினால் புரி அழியாது. இதைச் செய்யாமல் நேராக முறுக்கினால் ஒவ்வொரு முறையும் புதுப் புரி வெட்டி, மூன்றாம் நான்காம் முறை திருகு பிடிக்காமல் சுழலும். திருகு விடாமலிருக்கப் போடும் லாக் திரவம் உலோகத்தில் உலோகம் பூட்டும் இடத்துக்கு மட்டுமே. பிளாஸ்டிக்கில் பட்டால் அதை நொறுங்கவைக்கும்.

சர்வோ வாங்கும்போது ஒரு தடங்கல் வந்தது. முதலில் தந்தை வாங்கியது மூன்று கம்பி சர்வோ. இந்தக் காரில் ரிசீவரும் வேகக் கட்டுப்பாடும் ஒரே பலகையில் உள்ளன, அதற்கு ஐந்து கம்பி சர்வோதான் ஓடும். கம்பிகளை எண்ணிப் பார்த்திருந்தால் அந்த ஒரு வாரம் வீணாகியிருக்காது.

ஸ்பர் மாற்றியபோது பினியனுக்கும் ஸ்பருக்கும் இடையே சாதாரண எழுதும் தாளின் ஒரு கீற்று செருகிச் சுற்றப்பட்டது. தாள் கிழியாமல், மடிப்புத் தடத்தோடு வெளிவந்தால் இடைவெளி சரி. கிழிந்தால் நெருக்கம், தடமே இல்லாவிட்டால் தளர்வு.

பழைய பேட்டரியின் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மணல் நிரப்பிய உலோக டப்பாவில் வைத்து, மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைத்தார்கள். வீட்டுக் குப்பையில் போடவில்லை.

யுஎஸ்பி சார்ஜர் ஒதுக்கப்பட்டு, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனித்து நிரப்பும் பேலன்ஸ் சார்ஜர் வாங்கப்பட்டது. பழைய சார்ஜரில் மூன்று மணி நேரம் ஆனது. குழந்தைகளின் பொறுமை அதற்குள் போய்விடும், அதனால்தான் பெற்றோர் இரவில் போட்டுவிட்டுத் தூங்கினார்கள். விதி எளியது: 1500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 1.5 ஆம்பியர், ஒரு மணி நேரத்தை ஒட்டி நிரம்பும். சார்ஜ் செய்வது பெரியவர் மட்டும், விழித்திருக்கும்போது மட்டும், தீப்பிடிக்காத பீங்கான் ஓட்டின்மேல். ஓட்டி முடித்ததும் பேட்டரியைக் காரிலிருந்து கழற்றிவிட வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டவில்லை என்றால் சார்ஜரின் சேமிப்பு முறையில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்திவைக்க வேண்டும்.

ஓட்டக் கற்ற வரிசை

முதல் நாள் கிராலரை ஒரு சிறு டப்பாவின்மேல் ஏற்றி, நான்கு சக்கரமும் தரையில் படாமல் வைத்துத் தம்பியிடம் கொடுத்தார்கள். விசையை எவ்வளவு இழுத்தால் சக்கரம் எப்படிச் சுற்றுகிறது என்பதைப் பயமின்றிப் பார்க்க இது போதும். பத்து நிமிடத்தில் பாதி இழுக்கக் கற்றுக்கொண்டான். இரண்டாம் நாள் கார் அவனை விட்டு விலகிப் போகும் நேர்க்கோடு மட்டும். மூன்றாம் நாள் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் இரண்டு காலித் தண்ணீர் பாட்டில்களைச் சுற்றி எட்டுப் போடுவது.

அங்கேதான் எல்லாக் குழந்தைக்கும் வரும் தடை வந்தது. "அப்பா, அது என்னைப் பாத்து வரும்போது மட்டும் தப்பாத் திரும்புது" என்றான். கார் எதிரே வரும்போது அதன் வலது நம் இடது. பெரியவர்களுக்கே இது பழக மூன்று நான்கு நாளாகும். காரின் வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டிலும் சிவப்பு டேப், ரிமோட்டின் ஸ்டியரிங் சக்கரத்தில் வலப்பக்கம் அதே சிவப்பு டேப் ஒட்டப்பட்டது. சிவப்புப் பக்கம் போக வேண்டுமானால் சிவப்புப் பக்கம் திருப்பு. இடம் வலம் என்ற சொல்லே தேவைப்படவில்லை. ஒரு வாரத்தில் எட்டு வந்துவிட்டது. மூன்றாம் வாரம் டேப் தானாகவே உரிந்து போயிருந்தது, அவன் கவனிக்கவில்லை.

இயக்கும் வரிசையும் பாடமாக்கப்பட்டது. தொடங்கும்போது ரிமோட் முதலில், கார் அடுத்து. நிறுத்தும்போது கார் முதலில், ரிமோட் கடைசி. மாற்றிச் செய்தால், கட்டளை தரும் ரிமோட் இல்லாமல் கார் உயிரோடு இருக்கும் இடைவெளி உண்டாகும். இரண்டு காரையும் சேர்ந்து ஓட்டும் நாளில் ஒரு ஜோடியை முதலில் போட்டு, விளக்கு நிலையாக எரிந்த பின்பே அடுத்த ஜோடி. இந்த ரிமோட்டுகள் போட்டவுடன் சில நொடிகள் தம் காரைத் தேடும் வகை. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இணைப்பு மாறிப்போகலாம்.

தொடர்ந்து நடந்தவை

நான்கு மாதம் கவனிக்கப்பட்டது. கிராலரில் எந்தப் பாகமும் முறியவில்லை. ஆனால் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஐந்தாம் வாரம் பின்சக்கரம் ஒன்று ஓடும்போதே கழன்று உருண்டது. நட்டிலுள்ள நைலான் வளையம் பலமுறை கழற்றி மாட்டியதில் தேய்ந்திருந்தது, புது நட்டு போட்டதும் சரியானது. அந்தச் சிறு நட்டைத் தேடிக் கண்டெடுக்கும்வரை விளையாட்டு நிறுத்தப்பட்டது. வாயில் எதையும் வைக்கும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் இந்த வகைக் காரே வேண்டாம் என்பதற்கு அந்த நட்டு ஒன்றே போதும்.

எட்டாம் வாரம் ஈர மணலில் ஓட்டினார்கள். நீர்புகாது என்று பெட்டியில் இருந்ததை நம்பியதால் கழுவித் துடைக்காமல் வைத்துவிட்டார்கள். நீர்புகாது என்பது மின்பலகைக்கும் சர்வோவுக்கும்தான் பொருந்தும். பேரிங்குகள் நான்கில் துருவும் மணலும் ஏறி, சக்கரம் சுற்றும்போது அரைபட்டது. மாற்ற நேர்ந்தது.

டிரக் மைதானத்துக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டது. மகள் 40 விழுக்காட்டு வரம்பில் ஆறு வாரம் ஓட்டினாள். பாட்டில்களைத் தொடாமல் பத்து எட்டு போட்டதும் 60 ஆக்கப்பட்டது. நீளமான புல்லில் ஓட்டிய ஒரு மாலையில் மோட்டார் கொதித்தது. மூன்று நொடி விரல் வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்த வேண்டும் என்று தந்தைக்குச் சொல்லப்பட்டிருந்ததால் நிறுத்தி ஆறவிட்டார், மோட்டார் தப்பியது. இரண்டாம் முறை ஆர்ம் உடைந்தபோது மாற்றியவள் மகள்தான், தந்தை விளக்குப் பிடித்தார். இருபது நிமிடம் ஆனது.

தம்பி பதினைந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டுவதில்லை. ஆனால் தலையணையும் புத்தகமும் அடுக்கி மேடு கட்டுவதில் ஒரு மணி நேரம் போகிறது. கார் எதிரே வந்தால் இப்போது விலகுவதில்லை.

ஒரு ஆபத்து நூலிழையில் தவிர்ந்தது. டிரக் பேட்டரிக்கு 1.5 ஆம்பியரில் வைத்திருந்த சார்ஜரில் தாய் கிராலர் பேட்டரியை மாட்டினார். 380 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது ஏறத்தாழ நான்கு மடங்கு மின்னோட்டம். இரண்டு நிமிடத்தில் பேட்டரி வெதுவெதுப்பானதைத் தொட்டுப் பார்த்து நிறுத்தியதால் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பேட்டரிக்கும் ஒரே வகைச் செருகி என்பதால் சார்ஜருக்கு வேறுபாடு தெரியாது.

எதை மாற்றிச் செய்திருக்க வேண்டும்

கார் பார்க்கப் போகும் முன் ஓட்டும் இடத்தை அடியால் அளந்திருக்க வேண்டும். இடத்தின் நீளத்தை காரின் உச்ச வேகத்தால் வகுத்தால் எத்தனை நொடியில் சுவர் வரும் என்று தெரியும். தொடங்கும் குழந்தைக்கு நான்கு நொடிக்குக் கீழே என்றால் அந்த இடத்துக்கு அந்தக் கார் வேகம் அதிகம் என்றே கொள்கிறோம். இது எங்கள் அனுபவ அளவு, எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை. கிராலர் அந்த 12 மீட்டரைக் கடக்க எட்டரை நொடிக்கு மேல் எடுக்கும்.

வாங்கும் இடத்திலேயே மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும். ஓட்டிக் காட்ட இயலாது என்றால், அந்த மாடல் மெதுவாக நகரும் வீடியோவையாவது தேடிப் பார்த்திருக்க வேண்டும். ரிமோட்டைக் குழந்தையின் கையில் வைத்துப் பார்க்காமல் வாங்கியது இன்னொரு பிழை.

எங்கள் பக்கத்திலும் ஒரு திருத்தம் உண்டு. பேலன்ஸ் சார்ஜரைப் பரிந்துரைத்த அன்றே, இரண்டு அளவு பேட்டரி உள்ள வீட்டில் மின்னோட்டம் மாறிவிடும் ஆபத்தைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது அந்த வீட்டில் டிரக் பேட்டரியில் "1.5", கிராலர் பேட்டரியில் "0.4" என்று தடித்த பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறது. சார்ஜரின்மேல் இன்னொரு சீட்டு: "பேட்டரியில் உள்ள எண்ணும் திரையில் உள்ள எண்ணும் ஒன்றா?" வேறு குடும்பங்களுக்குச் சார்ஜர் பரிந்துரைக்கும்போது இந்தச் சீட்டுகளையும் எழுதி ஒட்டிய பிறகே கொடுக்கிறோம்.